கடைசி வள்ளத்துக் காய்ச்சல்காரர்

ஊர்க்காரி யோசப்பின், அகஸ்ரினின் தோளில் பொன்னாடையைப் போர்த்தியபோது மண்டபமே கைதட்டியது.

இத்தாலியின் பலெர்மோவில் பொன்னாடைக்கு எங்கே போவது? பொலிதேயாமாப் பக்கம் யோசப்பின் வேலை செய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, கழித்துக் கொடுத்த வெள்ளை மேசைவிரிப்பு அது. துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் குலையாமல் கொண்டுவந்திருந்தாள்.

ஞாயிற்றுப் பூசை முடிந்து, அல்பெர்கேரியாப் பகுதி மண்டபத்தில் மன்னார்ச் சனம் முழுவதும் கூடியிருந்தது. ஊரிலிருந்து சுவாமியார் எழுதிய கடிதத்தையும் யோசப்பின்தான் உரத்து வாசித்தாள்.

சண்டையில் கோயில் மணி போயிற்றாம். பீடத்துச் சித்திரங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். தொண்ணூறில், கடைசி வள்ளத்தில் அகஸ்ரின் இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கர்த்தரின் சுரூபம் மட்டும் தப்பி, நாலு வருடம் கழித்துக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதாம்.

கடிதத்தோடு வந்த படம் கைமாறிக் கைமாறிப் போனது. ஆளளவு மரச் சுரூபம். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கி, கைகளை மடக்கி, வெள்ளைத் துணியால் மூடித் தூக்குவதற்கென்றே தோள்மூட்டில் தோல் வைத்துச் செய்தது.

அகஸ்ரின் தலை நிமிரவேயில்லை. அடக்கமான மனிதர் என்று சனம் மெச்சியது. அவனுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

படத்தைப் பிடித்தபடி எமிலியானா அவனிடம் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. போன மாதம்தான் பலெர்மோவுக்கு வந்தவள்.

“அண்ணை, என்ரை மனுசனும் அண்டைக்கு அந்தக் கரையிலைதான் நிண்டவர். நீலச் சட்டை. ஆரோ காய்ச்சல்காரருக்குத் தன்ரை இடத்தை விட்டுக்குடுத்திட்டு, அடுத்த வள்ளத்திலை வாறன் எண்டவராம்.”

அடுத்த வள்ளம் வரவில்லை. மறுநாள் அந்தக் கரையில் இராணுவச் சுற்றிவளைப்பு. அதன் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள், அழுது முடித்திருப்பாள்.

அகஸ்ரினுக்கு அந்த நீலச் சட்டை தெரியும். நாலு வருடமாக அவன் கண்ணை விட்டுப் போகாத சட்டை.

“அந்தக் காய்ச்சல்காரர் பிழைச்சவரோ அண்ணை? அதை மட்டும் அறிஞ்சால் காணும்.”

உண்மை தொண்டை வரை வந்தது. யோசப்பின் தட்டில் கேக் துண்டோடு சிரித்துக்கொண்டு வந்தாள். வந்த உண்மையை அவன் விழுங்கிவிட்டான்.

“ஓம் தங்கச்சி. பிழைச்சிட்டார்.”

எமிலியானாவின் முகம் தெளிந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். படத்தில் கர்த்தரின் பாதத்தை முத்தமிட்டு, அதை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மேசைவிரிப்புக்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

தொண்ணூறில், அன்று அந்தக் கரையில் பொழுது படும் நேரம், ஆளுக்குத்தான் இடம், சாமானுக்கு இல்லை என்று வள்ளக்காரன் கத்தினான். இடமோ இரண்டே இரண்டு. அகஸ்ரின் சுரூபத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை இன்னும் இறுக்கிச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் காய்ச்சல் என்றான்.

கால்மாட்டைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிவிட்டவன் அந்த நீலச் சட்டைக்காரன்தான்.