ஒன்பதாவது வீடு

"ஏனுங்க, நான் வந்தது சென்னம்மா அக்காளுக்குத் தெரியக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, பாப்பாத்தி முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வாய் நெளிந்த பித்தளைப் போசியை நீட்டினாள்.

உப்பு வியாபாரி சென்னியப்பனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒருத்தி வருவாள் என்றுதான் மூன்று நாளாக அவர் கொட்டகையில் காத்துக் கிடந்தார்.

கொல்லிமலைக்கு ரோடு போடாத வெள்ளைக்காரன் காலம் அது. பேளுக்குறிச்சியிலிருந்து கழுதைமேல் உப்பு ஏற்றி வந்து, கொடியில் பறித்த ஈரம் காயாத மிளகை வாங்கிக்கொண்டு இறங்குவது அவர் தொழில். ஒரு கூடை மிளகுக்கு ஒரு படி உப்பு. அதே மிளகு காய்ந்தபிறகு சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை மட்டும் அவர் மலையில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இந்த வருஷம் அந்தக் குட்டு உடைந்துவிட்டது. ஊரில் இருந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் சென்னம்மாள் தலைமையில் கூடிப் பேசினார்கள். மிளகை ஒரே களத்தில் கொட்டித் தாங்களே காய வைப்பது, மொத்தமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தாங்களே விற்பது என்று முடிவாயிற்று.

மலை மூட்டத்தில் மிளகு காயப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். "அதுவரைக்கும் உப்பில்லாம என்னத்தைத் திங்கறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று சென்னியப்பன் உப்பு மூட்டைகளின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் சென்னம்மாள்.

சொல்வது சுலபம். உப்பில்லாத களியைப் பெரியவர்கள் எப்படியோ விழுங்கினார்கள். குழந்தைகள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டு அழுதன. மூன்றாம் நாள் முடிந்ததும்தான் பாப்பாத்தி கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"ஒரு படி உப்பு சும்மாவே தாரேன். மிளகு காஞ்சதும் உன்ற பங்கைப் பிரிச்சு எனக்கே குடுத்தரோணும். என்ன?"

"பாக்கறேனுங்க" என்றாள் பாப்பாத்தி, தலையைக் குனிந்தபடி.

'பார்க்கிறேன்' என்றாலே 'சரி' என்று எடுத்துக்கொள்கிற ரகம் சென்னியப்பன். படியைத் தலைதட்டாமல் அளந்து போட்டார்.

மறுநாள் அத்தாயி வந்தாள். அதற்கடுத்த நாள் ராமாயி. தினம் ஒருத்தியாக, யாருக்கும் தெரியக் கூடாது என்ற பீடிகையோடு வந்து, வாய் நெளிந்த போசியை நீட்டினார்கள். இந்த மலைக்காரிகளில் ஒருத்தி வீட்டில்கூட நெளியாத போசி கிடையாதா என்று அவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

எட்டு நாளில் எட்டு வீடு ஆயிற்று. வராதவள் சென்னம்மாள் ஒருத்திதான். ஊரே கைவிட்டது தெரியாமல் அவள் வீம்பு பிடித்துக் கிடப்பதை நினைக்க அவருக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மிளகு வாங்க ஊருக்குள் போனார். எட்டு வீடும் சாத்திக் கிடந்தன. களத்தில் ஒரு மணி மிளகு இல்லை. ஒன்பதாவது வீட்டு வாசலில் சென்னம்மாள் ஊர்க் குழந்தைகளை உட்கார வைத்துக் களி போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைகள் சட்டியை வழித்துத் தின்றன.

"எங்க போனாளுக அத்தனை பேரும்?"

"மிளகை எடுத்துக்கிட்டுப் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருக்காங்க. இந்நேரம் பாதி மலை இறங்கியிருப்பாங்க."

சென்னியப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மிளகுதான் போயிற்று, இவர்களுடைய ஒற்றுமையையாவது உடைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"அட பைத்தியக்காரி, நீ நம்பிக்கிட்டிருக்கற அந்த எட்டுப் பேரும் உனக்குத் தெரியாம என்ற கொட்டாய்க்கு வந்து உப்பு வாங்கிட்டுப் போனவளுக. நீ ஒருத்திதான் ரோசத்தோட வராம இருந்தவ."

சென்னம்மாள் கடைசிக் குழந்தையின் சட்டியில் களி உருண்டையை வைத்துவிட்டு நிதானமாக நிமிர்ந்தாள்.

"ரோசமெல்லாம் இல்லீங்க. என்ற முறை வாரதுக்குள்ள மிளகு காஞ்சிருச்சுங்க."