படம் வருது, சத்தம் வரல

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. ஒரு வாய் காபி ஆறுவதற்குள் சொல்லி முடிச்சிடுவேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. ரெண்டு பேர் உள்ளே நின்றால் மூணாவது ஆள் வாசலில்தான் நிற்கணும். வீட்டு விசேஷ வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற பொண்ணு ஒருத்தி வைத்திருந்தாள். தெருவில் அவளுக்குக் கத்திரி என்றே பேர்.

அன்றைக்குக் கத்திரிக்கு ஏகக் கடுப்பு. மைக் பெரியவர் மூணாவது நாளாக வந்து நிற்கிறார். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொன்ன மனுஷன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"என்னம்மா, சத்தம் வந்துச்சா?"

"படம் வருது ஐயா. சத்தம்தான் வரல."

பழைய கேம்கார்டரில் எடுத்தது. மகளின் பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, ரயில் நிலையத்து ஆண்டு விழா எல்லாம் மெமரி கார்டில் பத்திரமாக இருந்தன. எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஏற்றினால் படம் என்னவோ கண்ணாடி மாதிரி ஓடுகிறது. அதற்குக் கீழே சத்தத்துக்கான கோடு இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலி.

ஸ்பீக்கரை மாற்றினாள். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ம்ஹூம். கேமராவிலேயே போட்டுக் கேட்கலாம் என்றால் அதோட ஸ்பீக்கர் எப்பவோ செத்துப் போயிருந்தது.

திரையில் எங்கே பார்த்தாலும் பெரியவர்தான். மகள் கேக் வெட்டினால் பக்கத்தில் நின்று பேசுகிறார். மகள் பரிசு வாங்கினாலும் இவர்தான் பேசுகிறார். ஆண்டு விழாவில் கேட்கவே வேண்டாம், இருபது நிமிஷம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்.

தன் பேச்சைத் தானே கேட்கத்தான் இத்தனை தவிப்பு என்று கத்திரி நினைத்துக்கொண்டாள்.

"பாட்டு போட்டுத் தரட்டுமா ஐயா? ஜம்முனு இருக்கும்."

"பாட்டு எங்க வேணா கேக்கலாம். எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும். அடுத்த வாரம் பேத்தி வர்றா, ஒன்பது மாசக் குழந்தை. அவ கேக்கணும்."

ஒன்பது மாசக் குழந்தைக்கு இருபது நிமிஷப் பிரசங்கமா!

பின்னால் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. மூணு நாளாகக் கூடவே வருகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் விட்டால்தானே பேசுறதுக்கு?

"நீங்க சொல்லுங்கம்மா. பாட்டு போட்டா நல்லாத்தானே இருக்கும்?"

அம்மா சரி என்று தலையாட்டினார்.

பெரியவர் குறுக்கே விழுந்தார். "அவ அப்படித்தான் தலையாட்டுவா. அவளைக் கேக்காத, என்னைக் கேளு."

கத்திரிக்குச் சுள்ளென்று வந்தது.

"அன்னைக்குக் கேமரா மைக்கே வேலை செஞ்சிருக்காது ஐயா. பதிவாகாத சத்தத்துக்கு நான் எங்க போறது?"

பெரியவர் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாதம்மா. இது ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை. மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒண்ணு பார்ப்போம் என்று, சும்மா படம் பார்க்கிற பிளேயரில் அந்த ஃபைலைப் போட்டாள்.

கடை அதிருகிற மாதிரி கைதட்டல்!

சத்தம் உள்ளேதான் இருந்திருக்கிறது. அந்தக் கேமரா அதைப் பதிந்து வைத்த விதம் எடிட்டிங் சாஃப்ட்வேருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பாவம், மூணு நாளாகத் திட்டு வாங்கினது ஸ்பீக்கர். கத்திரி சத்தத்தைத் தனியாகப் பிரித்தாள், சாஃப்ட்வேருக்குப் புரிகிற வகைக்கு மாற்றினாள், படத்துக்குக் கீழே ஒட்டினாள். காலியாகக் கிடந்த கோட்டில் பச்சைப் பசேல் என்று மேடும் பள்ளமும் முளைத்தன.

ஆண்டு விழாவை ஓடவிட்டாள்.

பெரியவரின் பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சன்னமாகக் கேட்டது. அதை அமுக்கிக்கொண்டு, காதுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல்.

"போதும், நிறுத்துங்க! பேட்டரி தீரப்போகுது. ஏய் பாப்பா, ஓடிப்போய் அப்பா சட்டையைப் பிடிச்சு இழு!" கூடவே குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு.

கத்திரிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "கேமரா பிடிச்சவங்க மைக்குக்குப் பக்கத்துலேயே இருந்திருக்காங்க ஐயா. அதான் அவங்க பேச்சு பெருசா விழுந்திருக்கு. கவலைப்படாதீங்க. அதை எடுத்துட்டு உங்க குரலைத் தூக்கித் தர்றேன்."

"ஐயோ, தொட்டுடாத!" பெரியவர் பதறிப்போய் ரெண்டு கையாலும் திரையை மறைத்தார். "என் பேச்சை வேணா மொத்தமா வெட்டிப் போடு. எல்லாத்தையும் எடுத்தது இவதான். அதனால ஒரு படத்துலயும் இவ இல்ல. இந்தக் குரல்தான் இருக்கு. போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். கட்டியோட குரலும் போயிடுச்சு. பேத்தி இவ குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லம்மா."

கத்திரி திரும்பிப் பார்த்தாள். அம்மா துண்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, சத்தம்தான் வரவில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "இந்த நல்ல நேரத்துல, என் சார்பாகவும், என் குடும்பத்தார் சார்பாகவும், இந்தக் கடைக்கு நான் ரெண்டே ரெண்டு வார்த்தை..."

அம்மா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். கத்திரியின் கையிலிருந்து மவுஸை வாங்கினார். படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சரியான இடம் பார்த்து அமுக்கினார்.

"போதும், நிறுத்துங்க!"