எலியைத் தாண்டாத மருந்து

"எலிக்குக் குடுப்பே, மாமாவுக்குக் குடுக்க மாட்டியா?"

அஞ்சுகம் அத்தை போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் காசியம்மா எட்டிப் பார்த்தாள்.

அன்னபூரணி தலை நிமிரவில்லை. மெட்ராசில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. லீவு போட்டுவிட்டு, மாமாவைப் பார்க்கச் சுரக்குடிக்கு வந்திருந்தாள்.

தியாகராசன் மாமாவுக்குக் கழுத்தில் கட்டி. புற்றுநோய். புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். ஒன்றுக்கு மட்டும் அடங்குகிற நோய் இல்லையாம். ஊசி போட்டுக்கொண்டு வந்தால் ஒரு வாரத்துக்கு வாந்தி. தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது.

"நீதானேடி சொன்னே? மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத குமிழிக்குள்ள வச்சு அனுப்புறோம், நேரா கட்டிக்குத்தான் போவும், முடி கொட்டாது, வாந்தி வராதுன்னு!"

"அப்படி வரணும்னுதான் பாடுபடுறோம் அத்தை. அது கொழுப்புல செய்யற குமிழி. ரெண்டு மருந்தை ஒண்ணா உள்ள வச்சாக்கூட, போற வழியிலேயே ஒண்ணு கசிஞ்சுடுது. எலிக்கே இன்னும் சரியா வரலை. மனுஷங்களுக்குப் போட எத்தனையோ வருஷம் ஆவும்."

"சின்ன பாட்டில்ல கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாயேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"மாட்டேன் அத்தை. மாமாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"இனிமே புதுசா என்னடி ஆவணும் அவருக்கு?"

கட்டிலில் சாய்ந்திருந்த மாமாவும் மெல்ல வாயைத் திறந்தார். "கொஞ்சம் பாத்து செய்யும்மா பூரணி. உன்னைத்தான் நம்பியிருக்கோம்."

அத்தையின் கத்தலைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"பொம்பளப் புள்ளைய மெட்ராசுக்கு அனுப்பாதேன்னு ஊரே சொல்லிச்சு" என்றாள் காசியம்மா, யாரிடம் என்றில்லாமல். "இந்த மனுஷன்தான் ஒத்தக் கால்ல நின்னு அனுப்பினாரு. இப்ப அவருக்கே கைய விரிக்குது பாரு!"

அன்னபூரணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாமா கேட்டு இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் பொய் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை காரைக்கால் பஸ் ஸ்டாண்ட். வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் மாமா வழியனுப்ப வந்திருந்தார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"அஞ்சுகம், புள்ளைக்கு வழியில திங்க பூவம்பழம் வாங்கிட்டு வா. கனிஞ்சதாப் பாத்து வாங்கு" என்று மாமா அவளை அனுப்பினார்.

அத்தை கூட்டத்தில் மறைந்ததும் அன்னபூரணி பக்கம் குனிந்தார்.

"அந்த மருந்து எனக்கு வேணாம்மா."

"மாமா?"

"எலியைத் தாண்டலைன்னு நீ சொன்னது எனக்குப் புரியாமலா இருக்கு? நீயே கொண்டாந்து நீட்டினாலும் போட்டுக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் மாமா நேத்து நீங்களும்..."

"உங்க அத்தைக்காகத்தான். எனக்கு வியாதின்னு தெரிஞ்சதுலேருந்து சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு அப்படியே எழுந்துடுவா. ஒருநாள், 'பூரணி மருந்து வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்'னா. நானும் நம்புற மாதிரி தலையாட்டினேன். அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா. உன்னைத் திட்டுற தெம்பாவது அவளுக்கு இருக்கட்டும். நீ மனசுல வச்சுக்காதே. நான் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே."

"திட்டட்டும் மாமா" என்றாள்.

அத்தை பழத்தோடு வரவும் மெட்ராஸ் பஸ் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. கூட்டம் பாய்ந்தது.

"நான் இடம் போடறேன்!" என்று மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். வழுக்கையாகிப்போன தலையில் வெயில் பளபளத்தது.

"மெதுவா போங்க!" என்று கத்திய அத்தை, அவர் ஜன்னலை எட்டியதும் சட்டென்று அன்னபூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து கத்தினதுக்கு அத்தையை மன்னிச்சுடுடி."

"ஐயோ, என்ன அத்தை!"

"எலிக்கே சரிவராத மருந்து மனுஷனுக்கு ஆவுமா? அதுகூடவா எனக்குத் தெரியாது? போன மாசம், 'இனிமே ஊசியே வேணாம், என்னை விட்டுடு'ன்னு படுத்துட்டாரு. 'பூரணி மருந்து வர்ற வரைக்கும் தாக்குப் புடிங்க'ன்னு சொல்லித்தான் புதுச்சேரி பஸ்ல ஏத்துனேன். கட்டி நல்லாக் கரைஞ்சிருக்காம், பாதியில விட்டுடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நான் நம்பிக்கை விட்டுட்டேன்னு தெரிஞ்சா அவரு மறுபடி படுத்துடுவாரும்மா. ஊசியெல்லாம் முடியற வரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் இருப்பேன். அவருகிட்ட சொல்லிடாதே."

அன்னபூரணி அத்தையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இடம் போட்டாச்சு பூரணி!" ஜன்னலோரம் நின்று மாமா கூப்பிட்டார். "அங்க என்ன? இன்னும் என்ன சொல்றா உங்க அத்தை?"

அன்னபூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"மருந்து எப்போன்னு திட்டிக்கிட்டிருக்காங்க மாமா!"