அரைக்கை பாத்திக்

கிளந்தானில் ஆசைப்பட்டு வாங்கியது என்று சொல்லி, யாரையும் தொடவிடாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்த பாத்திக் துணியைச் சிவநேசன் தானாகவே எடுத்து நீட்டினான்.

“சனிக்கிழமை பழைய ஸ்கூல் ஃபிரண்ட்ஸ் டின்னருக்கு இதுதான். முழுக்கையா தைச்சிடு பிரமி. அரைக்கை போட்டா ஹோட்டல் வாசல்லயே நிறுத்திடுவாங்க.”

“தைச்சிட்டாப் போச்சுலா” என்றாள் பிரமிளா.

அந்த டின்னருக்குச் சந்திரிகாவும் வருகிறாள். சிவநேசனோடு கூடப் படித்தவள்தான். ஆனால் தினமும் காலையில் அடுத்தவள் புருஷன் போனுக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவளை என்னவென்று சொல்வது? ஜெலுத்தோங் ஃபிளாட்டில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கும் பிரமிளாவுக்குக் கத்தரியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதா?

சனிக்கிழமை மாலை சட்டையைப் போட்டுப் பார்த்தவன் அலறினான். “என்னடி, கை முழங்கைக்கு மேலயே நின்னுடுச்சு!”

“துணி பத்தலைங்க. நான் என்ன செய்ய?”

இருந்த ஒரே முழுக்கை பாத்திக்கையும் அவள் அன்றைக்குப் பார்த்து ஊறப் போட்டிருந்தாள். சிவநேசன் புதுச் சட்டையோடு சோபாவில் சாய்ந்துவிட்டான். பிரமிளா பாட்டு முணுமுணுத்தபடி அவனுக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் டின்னரிலிருந்து வீடியோ கால். திரை நிறையச் சந்திரிகா.

“அடேய் சிவா, ஏன் வரல? இரு இரு... அது நான் குடுத்த துணிதானே! இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்தியா? அரைக்கையில அப்படியே ஸ்கூல்ல பார்த்த மாதிரி இருக்கேலா! எந்தப் புண்ணியவதி தைச்சா?”

சிவநேசன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அடுப்பை அணைத்துவிட்டுப் புண்ணியவதி கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.