ஏய், படிப்ஸ்

மேடம் கேள்வியை முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. அது எப்போது என்னைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறது?

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? இதுதான் கேள்வி.

நர்சிங் முதலாம் ஆண்டு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

"ஏய் படிப்ஸ், கையக் கீழ போடு!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இங்கே எனக்குப் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் முந்திரிக்கொட்டை என்றார்கள். அது புரிந்தது. முதல் தேர்வில் முதலாவதாக வந்ததும் பழம் என்றார்கள். கனிந்த பழமா, அழுகிய பழமா என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தேன். இப்போது படிப்ஸ். படிக்க வந்த இடத்தில், படிக்கிறவளைப் படிக்கிறாள் என்று சொல்வதில் என்ன கேலி இருக்கிறது? பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். சும்மா சொல்றாங்க, விடுங்க என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் இன்று என்னைக் குழப்பியது அந்தப் பெயர் இல்லை. அந்த 'போடு'.

இந்த வகுப்பில் என்னைக் கிண்டல் செய்வதைக்கூட என் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் செய்வார்கள். முந்திரிக்கொட்டை, கொஞ்சம் உக்காருங்க என்பார்கள். மேடமே என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

'போடு' என்று சொல்லும் உரிமை இந்த அறையில் ஒருத்திக்குத்தான் உண்டு.

காலேஜ் கேட்டத் தாண்டிட்டா நீ யாரோ நான் யாரோ என்று, சேர்ந்த அன்றே கறாராகச் சொன்னவள் அவள். அப்புறம் ஏன் இது? வாய் தவறி வந்துவிட்டதா? கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கும் ஆசையா? இல்லை, இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறந்துவிடக் கூடாது என்ற பயமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனசு மட்டும் வலித்தது.

மேடத்தின் முகம் கடுகடுவென்று ஆனது. கத்தியது யாரென்று தெரிந்தால் இப்போதே வெளியே அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார். அது யார் குரல் என்று கேட்டார்.

எனக்கா தெரியாது? காலையில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்குத் தலை பின்னிவிட்டுத்தானே பஸ் ஏறினேன்.

தெரியவில்லை என்றேன். இந்த வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

மேடம் விட்ட கேள்விக்கே திரும்பினார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், துணியைத் தளர்த்த வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்றேன். மேடம் புருவத்தை உயர்த்தினார். இது இன்னும் நடத்தாத பாடம். எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார்.

கடைசி பெஞ்சில் இருக்கும் என் மகள், இரண்டு வயதில் என் மடியில் வெட்டி வெட்டி இழுத்தபோது தெரிந்துகொண்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"புத்தகத்துல படிச்சதுதான் மேடம்."

படிப்ஸ் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?