விடிகாலை மிக்ஸி

"பொம்பளை சத்தமேதான், இபு. தினமும் விடியறப்போ முதல்ல மிக்ஸி ஓடும். அது நின்னதும், 'மாஸ், இன்னும் என்ன தூக்கம்? எந்திரிங்க!'ன்னு புருஷனை எழுப்பற மாதிரி ஒரே கொஞ்சல்!"

வார்சித்தோவின் பக்கத்து வீட்டுக்குப் போன வாரம்தான் குடிவந்த விவிக், அம்மா என்பதுபோல் 'இபு' என்றழைத்து, லஸ்மியின் காதருகே சொன்னாள்.

லஸ்மிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் ரத்ரி இறந்த பிறகும், அவளுக்குக் கொடுத்த வீட்டிலேயே மருமகன் வார்சித்தோவை இருக்கவிட்டிருந்தாள்.

"நூறாம் நாள் சடங்குகூட ஆகலை. அதுக்குள்ள என் பொண்ணு புழங்கின அடுப்படியில இன்னொருத்தியா? அப்படி ஒருத்தி இருந்தா, அவனை இன்னிக்கே வெளியே தள்ளிடறேன்!"

விடிகாலைத் தொழுகை முடிந்த கையோடு, சந்துத் தலைவர் சுப்ரியையும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கசங்கிய கைலியோடு வார்சித்தோ திறந்தான்.

"வெளியாள் ராத்தங்கினா என்கிட்ட சொல்லணும்னு தெரியுமில்ல, தம்பி?" என்றார் சுப்ரி.

"யாரும் இல்லீங்களே, பாக்," என்று அவரை மரியாதையாக அழைத்துச் சொன்னான்.

"அப்புறம் ஏன் முழிக்கறே? வழியை விடு!"

லஸ்மி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். யாருமில்லை.

அடுப்படியில், மிக்ஸிக்குள் காலைப் பானத்துக்கான மஞ்சளும் புளியும் தயாராக இருந்தன. பக்கத்தில் ஒரு மலிவான அலாரம் கடிகாரம். அதன் முதுகிலிருந்து கம்பிகள் கிளம்பி மிக்ஸியின் பிளக்குக்குப் போயின.

"குண்டு கிண்டு வைக்கறியாப்பா?" சுப்ரி ஓரடி பின்வாங்கினார்.

"இல்லீங்க. அலாரம் அடிக்கறதுக்குப் பதிலா மிக்ஸி ஓடும். கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். நானே செஞ்சேன்."

"ஏன், பட்டனை அமுக்கினா உன் விரல் தேஞ்சிடுமா?" லஸ்மி சீறினாள். "யாரு அசந்து தூங்கறதுக்கு இந்த ஏற்பாடு? எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே அவளை?"

"இபு... சொன்னா சிரிப்பீங்க..."

டக் என்று ஒரு சத்தம். மிக்ஸி தானாகவே உறுமியது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

பின்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மாஸ், இன்னும் என்ன தூக்கம்? எந்திரிங்க!"

பாய்ந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்த லஸ்மியின் கை அப்படியே நின்றது. பெற்றவளுக்கு அந்தக் குரல் தெரியாதா?

கதவைத் திறந்தாள். வாழைமரத்தடியில் ஒரு கூண்டு தொங்கியது. அதற்குள் மஞ்சள் மூக்கு மைனா ஒன்று தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"ரத்ரி வளர்த்தது," என்றான் வார்சித்தோ. "அவ அரைச்சு முடிச்சதும் என்னை எழுப்புவா; அதைக் கேட்டுக் கத்துக்கிட்டதால, மிக்ஸி நின்னாத்தான் பேசும். பட்டனை நானே அமுக்கினா, அவ வந்து என்னை எழுப்பற மாதிரி இருக்காது, இபு."