பூனை தொடாத பால்

“தூக்குக்குண்டைப் புள்ளைக்கு அடியில வச்சு நல்லா இறுக்கிச் சுத்து. அவுந்து விழுந்துச்சுன்னா நம்ம மானம் போயிரும்” என்றார் கலோஜரோ கிழவர்.

மருமகள் ரொசாலியா வெளுக்க வந்த சட்டைகளுக்குப் போட வைத்திருந்த கஞ்சிச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கைக்குழந்தை நீனோவை மேசைமேல் கிடத்தினாள். கடல்தாண்டி விட்டுவந்த ஊரின் வழக்கப்படி கழுத்திலிருந்து கால்வரை நீளத் துணி சுற்ற வேண்டும்.

“சுத்திடறேன். நீங்க போய்த் தொப்பிய எடுத்துட்டு வாங்க மாமா.”

கலோஜரோ கொத்தனாராக இருந்தபோது சுவர் நேராக நிற்கிறதா என்று பிடித்துப் பார்த்த ஈயக் குண்டு அது. இந்தச் சனிக்கிழமையும் நீனோவின் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்று நகரசபையின் இலவசப் பால் நிலையத்து நர்ஸ் மிரட்டியிருந்தாள். மூத்த பேரனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

எலிசபெத் தெருவில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நடக்கும்போதும் கிழவர் வாய் ஓயவில்லை.

“நியூயார்க்குல எச்சில் துப்பினாக்கூட அபராதம் போடறான். அவன் சும்மா பால் குடுப்பானா? புட்டியில என்னத்தைக் கலந்தானோ! அதான் மொத நாள்லேருந்து நானே என் கையால சாக்கடையில ஊத்திடறேன். புள்ளைக்கு ஒயின்ல நனைச்ச ரொட்டி போதும்.”

“சரி மாமா.”

“நம்ம முத்தத்துப் பூனையப் பாத்தியா? மொதல்ல நான் ஊத்துன பால ஓடி ஓடி நக்குச்சு. இப்ப மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. பூனைக்கு இருக்கற வெவரம் இந்த நகரசபைக்கு இல்ல.”

“பூனை வெவரமானதுதான் மாமா.”

பால் நிலையத்தில் குழந்தைகள் கூரை பிய்ந்துபோகும்படி அழுதன. நர்ஸ் மிஸ் ஹார்லன் அந்தத் தெருவிலேயே புழங்கிப் புழங்கி அங்கே குடியேறியவர்களின் பேச்சைக் கற்றவள்.

“இந்த வெயில்ல இவ்வளவு துணியா? அவுருங்க தாத்தா.”

கிழவர் குறுக்கே பாய்ந்தார். “அவுத்தா முதுகு கோணிரும்! கல்யாணமே ஆகாத உனக்குப் புள்ளை வளக்கறதப் பத்தி என்ன தெரியும்?”

“எனக்குக் கல்யாணம் ஆனா தராசு வேற எடை காட்டுமா? விடுங்க, வழக்கம்போல துணிக்குக் கழிச்சுக்கறேன்.”

நீனோவைத் தராசில் வைத்தாள். கிழவர் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலைக் கொம்புபோல நீட்டிக் கண்ணேறு கழித்துக்கொண்டார். முள் ஆடி நின்றது.

“பத்து அவுன்ஸ் ஏறியிருக்கான்!” நர்ஸ் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். “ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். பாத்தீங்களா தாத்தா, எங்க பாலோட மகிமை!”

கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“பாலோட மகிமையாம்! படிச்ச கழுதை, ஈயத்த நிறுத்துட்டுப் புள்ளைக்கு முத்தம் குடுக்கறா! எடு பொண்ணே அந்தக் குண்டை, புள்ளைக்குக் குத்தப்போவுது.”

ரொசாலியா குழந்தையின் துணியைத் தொடவில்லை. தன் பாவாடைப் பையிலிருந்து குண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இத நான் வைக்கவே இல்ல மாமா. நர்ஸ் மிரட்டுன நாள்லேருந்து நீங்க சாக்கடையில ஊத்துனதும் பால் இல்ல, சட்டைக்குப் போடற கஞ்சி. பூனைதான் அத மொதல்ல கண்டுபிடிச்சுது.”